வீட்டில் வீணாவதும் வயலுக்கு வேண்டியதும்

சுற்றுப்புறத் தூய்மை என்றவுடன் ஆலைப் புகையும் நகரத்துச் சாக்கடையும்தான் நமக்கு நினைவுக்கு வருகின்றன. உழவர் வீட்டின் அடுப்படியும் மாட்டுத் தொழுவமும் கொல்லைப்புறமும் அந்தப் பேச்சில் இடம் பெறுவதில்லை. ஆனால் ஊரின் மண்ணும் நீரும் காற்றும் நாள்தோறும் கெடுவதோ திருந்துவதோ இந்த இடங்களில்தான். நகரத்தாருக்கு இல்லாத ஒரு வசதியும் உழவர் வீட்டுக்கு உண்டு. வீட்டில் கழியும் பொருள்களில் பெரும்பாலானவற்றை ஏற்றுக்கொள்ள அருகிலேயே ஒரு வயல் இருக்கிறது. அந்த வசதியை நாம் எந்த அளவுக்குப் பயன்படுத்துகிறோம் என்று கணக்குப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சாணம் எங்கே போகிறது?

இரண்டு கறவை மாடுகளும் ஒரு கிடேரியும் உள்ள வீட்டை எடுத்துக்கொள்வோம். வளர்ந்த மாடு ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 10 கிலோ சாணம் போடும். கிடேரியின் சாணத்தையும் சேர்த்தால் நாளைக்கு 25 கிலோ ஆகிறது. ஆண்டுக்கு 9 டன்னுக்கு மேல். பச்சைச் சாணத்தில் பெரும்பகுதி நீர்தான். நூற்றுக்கு 0.3 பங்கே தழைச்சத்து உள்ளது என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும், ஓராண்டுச் சாணத்தில் சுமார் 27 கிலோ தழைச்சத்து இருக்கிறது. இது 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றேகாலுக்கும் சற்றுக் கூடுதலான அளவாகும்.

இந்தக் கணக்கைச் சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. தொழு உரத்திலுள்ள தழைச்சத்து யூரியாவைப் போல உடனே பயிருக்குக் கிடைப்பதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் முதல் பயிருக்கு உதவும். மீதி அடுத்தடுத்த பயிர்களுக்குச் சிறுகச் சிறுகக் கிடைக்கும். ஆனால் மண்ணைப் பொலபொலப்பாக்கும் அங்ககப் பொருளும், ஈரத்தைப் பிடித்து வைக்கும் தன்மையும் எந்த மூட்டையிலும் வருவதில்லை. செம்மண் நிலத்தில் மானாவாரி செய்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இவ்வளவு சத்தும் இரண்டு வழிகளில் வீணாகிறது. முதலாவது, வறட்டி தட்டி எரிப்பது. சமையல் எரிவாயு உருளைகள் வந்த பின்னர் இவ்வழக்கம் பல ஊர்களில் குறைந்துவிட்டது. ஆயினும் வெந்நீர் போடவும், நெல் அவிக்கவும், உருளை தீர்ந்த நாட்களில் சமைக்கவும் வறட்டி அடுப்புக்குப் போகும் வீடுகள் இன்றும் உள்ளன. வறட்டி எரியும்போது தழைச்சத்து முழுவதும் புகையோடு போய்விடுகிறது. அங்ககப் பொருளும் அவ்வாறே. மணிச்சத்தும் சாம்பல் சத்தும் மட்டுமே சாம்பலில் மிஞ்சும். அந்தப் புகையை மூச்சில் வாங்குகிறவர்கள் வீட்டுப் பெண்களும், அவர்கள் இடுப்பிலும் மடியிலும் இருக்கும் குழந்தைகளுமே. நாட்பட்ட இருமலுக்கும் நுரையீரல் நோய்க்கும் அடுப்புப் புகை ஒரு முக்கிய காரணம் என்பது நன்கு மெய்ப்பிக்கப்பட்ட செய்தி.

இரண்டாவது வழி கண்ணுக்குத் தெரியாதது. ஆகவே இழப்பும் பெரிது. தெருவோரத்தில் அல்லது தோட்டத்து மூலையில் சாணத்தைக் குவித்து வைக்கிறோம். வெயிலில் தழைச்சத்து ஆவியாகிறது. மழையில் கரைந்து ஓடுகிறது. இப்படித் திறந்த குவியலில் ஆறு மாதம் கிடந்த எருவில் பாதித் தழைச்சத்து வரை போய்விடலாம். போனது காணாமல் போகவில்லை. ஒரு பகுதி ஊருணியில் சேர்ந்து நீரைப் பச்சையாக்கிப் பாசி பிடிக்க வைக்கிறது; ஒரு பகுதி கீழிறங்கிக் கிணற்று நீரில் கலக்கிறது. வயலில் பயிரைப் பச்சையாக்க வேண்டிய சத்து குளத்தைப் பச்சையாக்குகிறது.

மாட்டின் சிறுநீரைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. எடைக்கு எடை பார்த்தால் சாணத்தைவிட அதில் தழைச்சத்து அதிகம். சாம்பல் சத்தும் உண்டு. தொழுவத்தில் இரவில் கூளம், கடலைத் தோல், உதிர்ந்த இலை, இவை எதுவும் கிடைக்காவிட்டால் உலர்ந்த மண்ணையாவது பரப்பி வைத்தால் சிறுநீர் அதில் ஊறிவிடும். காலையில் அதை வாரிச் சாணத்தோடு சேர்க்கலாம். செலவில்லாத வேலை இது. தொழுவத்தில் ஈயும் நாற்றமும் குறைவது கூடுதல் லாபம்.

சாண எரிவாயு யாருக்கு ஏற்றது?

சாணத்தை எரிக்கவும் வேண்டும், எருவாகவும் வேண்டும் என்றால் அதற்குள்ள ஒரே வழி சாண எரிவாயுக் கலன். காற்றுப் புகாத தொட்டியில் சாணக் கரைசல் புளிக்கும்போது மீத்தேன் கலந்த வாயு உண்டாகிறது. அதை அடுப்பில் எரிக்கிறோம். தழைச்சத்தும் மற்றச் சத்துகளும் தொட்டியிலிருந்து வெளிவரும் கலவையிலேயே தங்கிவிடுகின்றன. கதர் கிராமத் தொழில் ஆணையம் 1960களின் தொடக்கத்திலிருந்து மிதக்கும் கொப்பரை வகைக் கலன்களைப் பரப்பியது. தேசிய அளவிலான திட்டம் 1981-82இல் தொடங்கிற்று. செங்கல்லாலேயே கூரை அமைக்கும் தீனபந்து மாதிரி 1984இல் வந்தது. இரும்புக் கொப்பரை இல்லாததால் இதில் துருப்பிடிக்கும் தொல்லை இல்லை, செலவும் குறைவு. ஆனால் பழகிய கொத்தனார் கட்ட வேண்டும். கூரையில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் வாயு தங்காது.

மேலே சொன்ன வீட்டின் 25 கிலோ சாணத்துக்கு ஒரு கன மீட்டர் கலன் போதும். இது மூன்று நான்கு பேருக்கு அன்றாடச் சமையலுக்கு ஆகும். ஒரு கன மீட்டர் வாயு 0.43 கிலோ உருளை வாயுவுக்குச் சமம் என்பது வழக்கிலுள்ள கணக்கு. அதன்படி 14.2 கிலோ உருளை ஒன்று தரும் வேலையை இக்கலன் சுமார் 33 நாட்களில் செய்துவிடும். உருளையை அடியோடு நிறுத்திவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். கார்த்திகை, மார்கழியில் குளிரினால் வாயு குறையும். விருந்தினர் வரும் நாட்களும் உண்டு. ஓர் உருளை கைவசம் இருப்பது நல்லது.

பல ஊர்களில் கட்டிய கலன்கள் இன்று பழுதாகிக் குப்பை போடும் குழிகளாகக் கிடக்கின்றன. காரணம் கேட்டால் பெரும்பாலும் ஒன்றுதான்: மாட்டை விற்றுவிட்டார்கள், அல்லது நாள்தோறும் கரைத்து ஊற்ற ஆளில்லை. ஆகவே நிலையாக இரண்டு மூன்று மாடுகள் இல்லாதவர்கள் கலன் கட்ட வேண்டியதில்லை. அவர்களுக்கு எருக்குழியே போதும். கட்ட விரும்புகிறவர்கள், சாணம் கரைக்கும் வேலை யார் தலையில் விழும் என்பதையும் முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்வது நலம். விறகு சுமக்கும் வேலையிலிருந்து விடுபட்ட பெண்ணின் மேல் சாணம் சுமக்கும் வேலையை ஏற்றுவதில் பயனில்லை. தொழுவத்துக்கும் அடுப்படிக்கும் அருகில், வெயில் படும் இடத்தில், கிணற்றிலிருந்து 15 மீட்டருக்குக் குறையாத தூரத்தில் கலன் அமைய வேண்டும். மானிய விதிகள் அவ்வப்போது மாறுவதால், குழி தோண்டுமுன் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளவும்.

முதல் முறை நிரப்ப ஏறத்தாழ ஒரு மாதச் சாணம் ஒரே சமயத்தில் தேவைப்படும். ஒரு கன மீட்டர் கலனுக்கு 750 கிலோ வரை ஆகும். அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கிச் சேர்க்க வேண்டியதுதான். பிறகு நாள்தோறும் ஒரு பங்கு சாணத்துக்கு ஒரு பங்கு நீர் சேர்த்துக் கட்டியில்லாமல் கரைத்து ஊற்ற வேண்டும். வைக்கோல் துண்டு, மண், கல் ஆகியவற்றை எடுத்துவிட வேண்டும். வைக்கோல் மேலே ஆடையாகப் படிந்து வாயுவைத் தடுக்கும். மண் அடியில் தங்கித் தொட்டியை நிரப்பும். தொழுவத்தைப் பினாயில் போட்டுக் கழுவிய நீர் உள்ளே போகக் கூடாது. வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் அதில் மடிந்துவிடும். முதலில் வரும் வாயுவில் கரியமில வாயு மிகுதி, அது எரியாது. அதை வெளியே விட்டுவிட வேண்டும். எரிகிறதா என்று குழாய் வாயிலோ கலனின் மேலோ தீக்குச்சி கிழித்துப் பார்ப்பது ஆபத்து. அடுப்பில் மட்டுமே பற்ற வைத்துப் பார்க்கலாம். குழாயில் நீர் தங்கினால் சுடர் துடிக்கும்; அதற்கென வைத்துள்ள வடிகுழாயைத் திறந்து நீரை அகற்றினால் சரியாகிவிடும். மூட்டுகளில் சோப்பு நீரைத் தடவிக் குமிழி வருகிறதா என்று மாதம் ஒரு முறை பார்க்கவும். எரியாமல் கசிகிற மீத்தேன், வீட்டுக்கு இழப்பு என்பதோடு, கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைத்துப் புவியைச் சூடாக்கவும் கூடியது.

தொட்டியைச் சுத்தம் செய்ய உள்ளே இறங்குவது உயிரைப் பறிக்கும். காலியாகத் தெரிந்தாலும் உள்ளே நச்சு வாயு தங்கியிருக்கும். விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து இறந்த செய்திகளை நாம் படித்திருக்கிறோம். ஆழத்தில் விழுந்த வாளியை விட்டுவிடுங்கள்.

“சோற்றில் வாடை வருமா?” என்று கேட்கிறவர்கள் உண்டு. வராது. நாற்றத்துக்குக் காரணமான வாயு சுடரிலேயே எரிந்துவிடுகிறது. பாத்திரத்தில் கரியும் பிடிக்காது.

கலனிலிருந்து வெளிவரும் கலவையைக் கையாள்வதில்தான் பலர் தவறுகிறார்கள். அதை வெயிலில் பரப்பிக் காய வைத்து, பொடியாக்கி மூட்டை கட்டுகிறார்கள். எடுத்துச் செல்ல வசதிதான். ஆனால் அம்மோனியாவாக இருக்கும் தழைச்சத்து காயும்போது காற்றோடு போய்விடும். வாய்க்கால் நீரில் கலந்து உடனே வயலுக்குப் பாய்ச்சுவது சிறந்தது. அதற்கு வழியில்லையேல், உலர்ந்த இலை, சருகு, கூளம் நிரப்பிய எருக்குழியில் அடுக்கடுக்காக ஊற்றலாம். சருகு கலவையை உறிஞ்சிக்கொள்ளும்; கலவை சருகை விரைவில் மக்க வைக்கும்.

எருக்குழி

கலன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எருக்குழி எல்லா வீட்டுக்கும் வேண்டும். 6 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம் என்பது பரிந்துரை. மாடு குறைவானால் நீளத்தைக் குறைத்துக்கொள்ளலாம். ஆழத்தைக் கூட்ட வேண்டாம். மழைநீர் ஓடி வந்து சேராத மேட்டுப் பாங்கான இடமாகவும், ஓரளவு நிழலாகவும் இருக்கட்டும். குழி முழுவதிலும் மெல்லியதாகப் பரப்பிக்கொண்டு வருவது தவறான முறை. ஒரு முனையில் ஒரு மீட்டர் நீளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, சாணம், சிறுநீர் ஊறிய கூளம், காய்கறித் தோல், உமி, முற்றம் பெருக்கிய இலை ஆகியவற்றை நாள்தோறும் போட்டு, தரைக்கு மேல் முழங்கால் உயரம் வந்ததும் மண்ணும் சாணமும் குழைத்து மெழுகி மூடிவிட வேண்டும். பிறகு அடுத்த மீட்டர். மூடிய பகுதி நான்கைந்து மாதத்தில் மக்கிய எருவாகும். மாசியில் மூடினால் ஆடிப்பட்டத்துக்கு எடுக்கலாம்.

அடுப்புச் சாம்பலைக் குழியில் சாணத்தோடு கொட்டக் கூடாது. சாம்பல் காரத்தன்மை உடையது. சாணத்திலுள்ள தழைச்சத்தை அம்மோனியாவாக்கி வெளியேற்றிவிடும். யூரியாவோடு கலப்பதும் இப்படித்தான். சாம்பலைத் தனியே சேர்த்து வாழைக்கும் தென்னைக்கும் இடலாம். அவரை, கத்தரியில் அசுவினி கண்ட இடத்தில் காலைப் பனியோடு தூவலாம். களர் நிலத்துக்கு மட்டும் வேண்டாம்.

விறகு அடுப்பை அறவே விட முடியாதவர்களுக்கு ஒரு சொல். நம் பக்கத்தில் விறகு என்றால் பெரும்பாலும் சீமைக் கருவேல்தான். ஈர விறகை வைத்தால் வெப்பத்தில் ஒரு பகுதி அந்த ஈரத்தை விரட்டுவதிலேயே செலவாகும், புகை மிஞ்சும். வெட்டிப் பிளந்து, மழை படாத இடத்தில் இரண்டு மாதம் அடுக்கி வைத்து எரித்தால் விறகும் கண்ணீரும் குறையும். புகைபோக்கி வைத்த அடுப்பானால் மாதம் ஒரு முறை குழாயின் கரியைத் தட்ட வேண்டும். பருப்பையும் பயற்றையும் ஊற வைப்பது, மூடி போட்டு வேக வைப்பது ஆகியவை எல்லா அடுப்புக்கும் பொருந்தும்.

கழுநீரும் சோப்பு நீரும்

ஊரகக் குடிநீர்த் திட்டங்கள் இன்று ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்ற அளவில் அமைக்கப்படுகின்றன. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர். குடித்தது, ஆவியானது, கழிவறைக்குப் போனது எல்லாம் நீங்கலாக 150 லிட்டராவது முற்றத்தைத் தாண்டித் தெருவுக்குப் போகிறது என்று கொள்ளலாம். அங்கே தேங்கி, யானைக்கால் நோயைப் பரப்பும் கொசுவை வளர்க்கிறது. சொட்டுநீரில் வாழை ஒன்றுக்கு அதன் வயதைப் பொறுத்து நாளைக்கு 15 முதல் 25 லிட்டர் நீர் போதும். ஆக, தெருவில் ஓடும் நீரில் ஆறு முதல் எட்டு வாழை மரங்கள் வளரும். கோடையில் ஆழ்துளைக் கிணறு வற்றிய ஊர்களில் இது சிறிய செய்தியன்று.

ஆனால் நீரை அப்படியே திருப்பிவிடக் கூடாது. சமையலறை நீரில் எண்ணெய்ப் பிசுக்கும் பருக்கையும் இருக்கும். வாய்க்கால் முனையில் ஒரு கைப்பிடி தேங்காய் நாரை வைத்தால் பிசுக்கு அதில் பிடிபடும். வாரம் ஒரு முறை நாரை எருக்குழியில் போட்டுப் புதிது வைக்கலாம். அடுத்து முழ ஆழக் குழியில் உடைகல்லும் மேலே மணலும் நிரப்பி அதன் வழியே நீரை விட வேண்டும். குழியின் ஓரத்தில் கல்வாழை நட்டால் அது நீரை உறிஞ்சி, அழுக்கிலுள்ள சத்துகளையும் எடுத்துக்கொள்ளும்.

துணி துவைத்த நீரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். சலவைத் தூளில் சோடிய உப்புகள் மிகுதி. ஒரே இடத்தில் மாதக் கணக்கில் ஊற்றினால் மண்ணில் சோடியம் சேர்ந்து களர் நிலம்போல் இறுகும். மேலே வெண்மை பூக்கும். நீர் உள்ளே இறங்காது. கிணற்று நீரே உப்பாக உள்ள ஊர்களில் இது இன்னும் விரைவில் நேரும். ஆகவே தூள் கரைத்த முதல் நீரைத் தோட்டத்துக்கு விட வேண்டாம். அலசிய நீரை விடலாம். தூளின் அளவைக் குறைப்பதே இதில் முதல் மருந்து. நுரை பொங்கினால்தான் அழுக்குப் போகும் என்ற எண்ணம் விளம்பரம் கற்றுக்கொடுத்தது. நீர் விடும் இடத்தை வாரத்துக்கு ஒரு மரமாக மாற்றிக்கொண்டே இருப்பதும், வெண்மை கண்டால் அங்கே சில வாரம் நிறுத்திவிடுவதும் நல்லது. மழைக்காலத்தில் உப்பு ஓரளவு கீழிறங்கிவிடும்.

இந்நீருக்கு வாழை, தென்னை, பப்பாளி, அகத்தி, சேம்பு ஆகியவை ஏற்றவை. முருங்கை வைக்கலாம், நீர் தேங்கினால் அதன் வேர் அழுகும் என்பதால் கடைசியில் வையுங்கள். கொத்தமல்லி, வெங்காயம், முள்ளங்கி போலப் பச்சையாகத் தின்பவற்றுக்கும் நாற்றுப் பாத்திகளுக்கும் இந்நீர் கூடாது. கழிவறை நீர் எந்த நிலையிலும் இதில் கலக்கக் கூடாது.

மக்காத பொருள்கள்

இதுவரை சொன்னவை வயல் ஏற்றுக்கொள்பவை. வயல் ஏற்றுக்கொள்ளாதது பிளாஸ்டிக். தமிழ்நாட்டில் ஒரு முறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. எனினும் எண்ணெய் உறை, சோப்பு உறை, நாற்றுப் பை என்று வீட்டுக்குள் வருவது நிற்கவில்லை. இவற்றை எருக்குழியில் போட்டால் எருவோடு வயலுக்குப் போய், உழவில் துண்டு துண்டாகி, வேரையும் நீரையும் தடுக்கும். மேய்கிற மாட்டின் வயிற்றிலும் தங்கும். பழைய உறையைக் கொண்டு அடுப்புப் பற்ற வைக்கும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அதை இன்றே நிறுத்த வேண்டும். குறைந்த வெப்பத்தில் எரியும் பிளாஸ்டிக்கின் புகை நச்சு. குழாய்த் துண்டு, செருப்பு போன்ற பி.வி.சி. பொருள்கள் எரிந்தால் டையாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டாகிறது. அது படிந்த புல்லைத் தின்ற பசுவின் பாலிலும் வரும். கழுவிக் காய வைத்து ஒரு சாக்கில் சேர்த்தால் ஊராட்சியின் தூய்மைக் காவலர்கள் எடுத்துச் செல்வார்கள்.

பூச்சிமருந்துப் புட்டிகளை அந்தச் சாக்கில் சேர்க்க வேண்டாம். அவை வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது. மண்ணெண்ணெய் ஊற்ற, நல்லெண்ணெய் வாங்க, பிள்ளைகள் பள்ளிக்குத் தண்ணீர் கொண்டுபோக என்று புட்டியை எடுத்துவைத்து நேர்ந்த சாவுகள் உண்டு. மருந்து தீர்ந்ததும் வயலிலேயே மூன்று முறை நீர் ஊற்றிக் குலுக்கி, அந்நீரைத் தெளிப்பான் தொட்டியிலேயே ஊற்றித் தெளித்துவிட வேண்டும்; வாய்க்காலில் கொட்டக் கூடாது. பிறகு புட்டியின் அடியில் ஆணியால் நான்கு இடத்தில் துளையிட்டுத் தனியே, பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் பூட்டி வைத்து, வாங்கிய கடையிலோ வேளாண்மை விரிவாக்க மையத்திலோ திரும்பப் பெறும் ஏற்பாடு உண்டா என்று கேட்டு ஒப்படைக்கவும்.